பத்து நாள் விபஸ்ஸனா முகாம்: முதன்முறை செல்பவர்களுக்கான வழிகாட்டி

பத்து நாள் விபஸ்ஸனா முகாமை முழுமையாக முடிக்க எனக்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. முதல்முறை இடம் கிடைத்தும், அதை உறுதிப்படுத்தக் கேட்டு வந்த மின்னஞ்சலைக் கவனிக்காமல் இழந்தேன். இரண்டாம்முறை உள்ளே போய், ஆறாம் நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மூன்றாம்முறைதான் கடைசி நாள் வரை உட்கார்ந்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால், என்னைத் தடுக்கிய கற்களில் பெரும்பாலானவை தியானத்தோடு தொடர்பில்லாதவை என்று தெரிகிறது. விண்ணப்பத்தில் மறைத்த முதுகுவலி, அலுவலகத்தில் யாரிடமும் ஒப்படைக்காமல் வந்த ஒரு வேலை, தவறான நாளுக்கு எடுத்த பயணச்சீட்டு ஆகியவைதான் பாடாய்ப்படுத்தின. ஆகவே பயிற்சியின் பெருமைகளை இங்கே பேசப்போவதில்லை. விண்ணப்பிக்கும் நாளிலிருந்து வீடு திரும்பிய பிந்தைய வாரம் வரை என்னென்ன செய்ய வேண்டும், எங்கெல்லாம் கால் இடறும் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு விளக்கம் முதலிலேயே தேவை. விபஸ்ஸனா என்பது பௌத்தத்திலிருந்து வந்த ஒரு தியானமுறை. அந்தப் பெயரில் பல மரபுகள் இருக்கின்றன. நான் சொல்வது எஸ். என். கோயங்கா என்ற தியான ஆசிரியர் கற்பித்த முறையில், உலகெங்கும் ஏறத்தாழ ஒரே கால அட்டவணையோடு நடைபெறும் முகாம்களைப் பற்றி. பர்மியத் துறவி மகாசி சயாதோவின் மரபில் நடக்கும் முகாம்களுக்குப் போய்வந்தவர்கள் நடைத்தியானத்தைப் பற்றியும், எழும் எண்ணங்களுக்கு மனத்துக்குள் பெயரிடுவதைப் பற்றியும் உங்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடும். அவை அங்கே செல்லும், இங்கே செல்லாது. யாரிடம் ஆலோசனை கேட்டாலும், அவர் எந்த மரபில் பயின்றவர் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது உங்களுக்கு ஏற்ற வழிதானா என்று பாருங்கள்

தியானம் பழகப் பத்து நாள் மௌனத்தில் அமர்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் உருவாக்கிய மனஅழுத்தக் குறைப்புப் பயிற்சி எட்டு வாரம் நடக்கும். வாரம் ஒரு வகுப்பு, அன்றாடம் வீட்டுப்பயிற்சி, இடையில் ஒரு முழுநாள் அமர்வு என்று அது அமைந்திருப்பதால், வேலையையும் குடும்பத்தையும் விட்டு நகர வேண்டியதில்லை. மந்திரத்தை மனத்துக்குள் சொல்லும் ஆழ்நிலைத் தியானத்தில் காலையும் மாலையும் இருபது நிமிடம் போதும், ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. கோயங்கா முறையில் கட்டணம் இல்லை. அதற்கு ஈடாக அது உங்களிடம் கேட்பது நேரத்தையும் கட்டுப்பாட்டையும். மூன்றுக்கும் இடையே எது உயர்ந்தது என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. உங்களால் இப்போது எதைக் கொடுக்க முடியும் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

இதுவரை ஒருநாளும் கண்மூடி அமர்ந்ததில்லை என்பது தடையல்ல. தடையாக அமையக்கூடியவை வேறு. தீவிர மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு இம்முகாமை மையங்களே பரிந்துரைப்பதில்லை. மனச்சோர்வு, பதற்றம், மனஅதிர்ச்சி ஆகியவற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் பேசி, பிறகு அந்த விவரத்தை விண்ணப்பத்தில் முழுமையாக எழுத வேண்டும். தியானத்துக்குப் போகிறோம் என்பதற்காக மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவது ஆபத்தானது. அப்படி நிறுத்தும்படி எந்த மையமும் உங்களைக் கேட்காது. நெருங்கியவர் இறந்த அடுத்த மாதமே, அல்லது மணமுறிவு நடந்துகொண்டிருக்கும்போதே, ஆறுதல் தேடி இங்கே வர நினைப்பவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: கொஞ்சம் பொறுங்கள். துயரத்தில் இருப்பவருக்குப் பேச்சுத்துணை வேண்டும். இங்கே கிடைக்காத ஒன்று உண்டென்றால் அது பேச்சுத்துணை.

2. நாட்களைச் சரியாக எண்ணுங்கள்

பெயர்தான் பத்து நாள் முகாம். நாட்காட்டியில் அது பன்னிரண்டு நாட்களைப் பிடிக்கும். சேரும் நாள் கணக்கில் வராது, அது பூஜ்ஜியம். மறுநாள் முதலாம் நாள். பதினோராம் நாள் காலையில் முகாம் முடியும். புதன்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்தால், அடுத்த வாரத்தையும் தாண்டி ஞாயிற்றுக்கிழமை காலைதான் வெளியே வருவீர்கள். பத்தாம் நாள் மாலைக்குத் திரும்பும் சீட்டை எடுத்துவிட்டு, வாயிலில் நின்று மேலாளரிடம் கெஞ்சுபவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள். மூன்றாம்முறை போனபோதுகூட நான் அவர்களில் ஒருவன். பதினோராம் நாள் முற்பகலுக்கு முன் கிளம்பும் எந்த வண்டிக்கும் சீட்டு எடுக்காதீர்கள். பிற்பகல் வண்டிதான் பாதுகாப்பு.

விடுப்பு கேட்கும்போது பன்னிரண்டோடு இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் கூடுதல் நாள் எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மூன்று நாள் முகாம், ஒருநாள் முகாம் என்று அட்டவணையில் பார்த்து, அதில் தொடங்கலாமே என்று தோன்றும். அவை ஏற்கெனவே ஒரு பத்து நாள் முகாமை முடித்த பழைய மாணவர்களுக்கு உரியவை. புதியவருக்கு வாசல் பத்து நாள்தான்.

3. விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள்

எல்லா மையங்களின் அட்டவணையும் தம்மா.ஆர்க் என்ற இணையதளத்தில் ஒரே இடத்தில் கிடைக்கும். ஊரையும் தேதியையும் தேர்ந்தெடுத்தால், முதலில் ஒழுங்குவிதிகள் அடங்கிய நீண்ட அறிக்கை திறக்கும். எல்லோரும் அதைக் கீழே உருட்டி, 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்திவிட்டு நகர்வார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அரைமணி நேரம் ஒதுக்கிப் படியுங்கள். உள்ளே போனபிறகு 'இதை யாரும் சொல்லவில்லையே' என்று உங்களுக்குத் தோன்றப்போகும் ஒவ்வொன்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

படிவம் கேட்பவை: பெயர், வயது, தொழில், அவசரத் தொடர்பு எண், தெரிந்த மொழிகள், உடல்நலக் குறைவுகள், மனநல வரலாறு, இப்போது உட்கொள்ளும் மருந்துகள், மது, புகை, போதைப் பழக்கங்கள், முன்பு செய்த தியான முறைகள். கைவைத்துக் குணப்படுத்தும் ரெய்கி போன்ற சிகிச்சை முறைகளைப் பயில்கிறீர்களா என்ற கேள்வியும் இருக்கும். இந்தக் கேள்விகள் உங்களை விலக்குவதற்கான வலை என்று நினைத்து, நான் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதினேன். பழைய முதுகுவலி ஒன்று எனக்கு உண்டு. இரண்டாம் நாள் பிற்பகலில் அது தலைதூக்கியபோது, முந்நூறு மைல் தொலைவிலிருந்து வந்துவிட்ட நிலையில், நாற்காலி கேட்டு ஆசிரியர் முன் அமர்ந்து, ஏன் முன்பே எழுதவில்லை என்ற எளிய கேள்விக்குப் பதிலின்றி விழித்தேன். அடுத்தமுறை உள்ளதை உள்ளபடி எழுதினேன். சேர்ந்த அன்றே தியானமண்டபத்தின் பின்வரிசையில் எனக்கொரு நாற்காலி காத்திருந்தது.

கருவுற்றிருப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், அண்மையில் அறுவைச்சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் நிலையைக் கட்டாயம் எழுத வேண்டும். மாலையில் முழு உணவு கிடையாது என்பதால், நேரம் தவறாமல் சாப்பிட்டாக வேண்டிய உடல்நிலை என்றால் அதையும் குறிப்பிட்டு, மையம் ஒத்துக்கொண்ட பிறகே கிளம்புங்கள். தெரிந்த மொழிகளைக் கேட்கும் இடத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். மாலை உரைகள் ஒலிப்பதிவாகவோ காணொளியாகவோ வரும். தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்டிருந்தால்தான் அதற்கு ஏற்பாடு செய்து வைப்பார்கள்.

4. இடம் கிடைத்தபின் மின்னஞ்சலைப் பாருங்கள்

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இட எண்ணிக்கை என்பதால், ஒரே நாளில் விண்ணப்பித்த கணவன் மனைவியில் ஒருவருக்கு இடமும் மற்றவருக்குக் காத்திருப்புப் பட்டியலும் கிடைப்பது இயல்பு. அட்டவணையில் ஒவ்வொரு முகாமுக்கும் எந்நாளிலிருந்து விண்ணப்பம் ஏற்கப்படும் என்பது குறிப்பிடப்பட்டிருக்கும். விடுமுறைக் காலத்து முகாம்கள் விரைவில் நிரம்பிவிடும். பல்லாயிரம் பேர் விடுப்பில் இருக்கும் மாதங்களைத் தவிர்த்துவிட்டால் பெரும்பாலும் சிரமம் இருக்காது.

விண்ணப்பம் சேர்ந்தது என்று வரும் முதல் கடிதம் அனுமதிக் கடிதம் அல்ல. அனுமதி தனியாக வரும். அதன்பிறகு, முகாம் நெருங்கும்போது, 'வருவது உறுதிதானா' என்று கேட்டு இன்னொரு கடிதமும் வரலாம். குறித்த நாளுக்குள் அதற்குப் பதில் அனுப்பாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எனக்கு வந்த கடிதம் ஸ்பேம் பெட்டியில் ஒன்பது நாள் உறங்கியது. விண்ணப்பித்த அன்றே மையத்தின் முகவரியை உங்கள் தொடர்புகளில் சேர்த்துவிடுங்கள். வாரம் இருமுறை அந்தப் பெட்டியையும் திறந்து பாருங்கள். போக முடியாத நிலை வந்தால் உடனே இரத்துசெய்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் உங்களைப் போல ஒருவர் விடுப்பெல்லாம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

5. செலவுக் கணக்கு

கற்பித்தலுக்கும் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் கட்டணம் இல்லை. முன்பணமும் இல்லை. ஒரு பத்து நாள் முகாமையாவது முடித்தவர்கள் தரும் நன்கொடையில்தான் எல்லாம் நடக்கிறது. முடிக்காதவர் கொடுத்தாலும் வாங்குவதில்லை. ஆசிரியர்களுக்கும் சேவை செய்பவர்களுக்கும் ஊதியம் கிடையாது. கடைசியில் நன்கொடைக்கு ஒரு மேசை போட்டிருப்பார்கள். அங்கே போகலாம், போகாமலும் இருக்கலாம். யாரும் தொகை சொல்லமாட்டார்கள், உங்களைக் கவனித்துக்கொண்டும் இருக்கமாட்டார்கள். சேர்வதற்கு முன்பே யாராவது இடம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்டால், அது மோசடி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. போக்குவரத்து, பன்னிரண்டு நாள் வருமான இழப்பு, குழந்தைகளையோ முதியவர்களையோ பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். நாள்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் உழைப்பவர்களுக்கு இந்த 'இலவச' முகாம் பெரிய தொகையாகவே முடியும். அதை முன்பே கணக்கிட்டு ஒதுக்கிவைத்தவர் நிம்மதியாக அமர்கிறார். இல்லாதவர் கண்ணை மூடிக்கொண்டு வட்டிக்கணக்குப் போடுகிறார்.

6. ஆவணங்களும் பையில் வைக்க வேண்டியவையும்

புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை, அதன் நகல், அனுமதிக் கடிதத்தின் அச்சுப்படி, மருந்து உட்கொள்பவரானால் மருத்துவரின் சீட்டு ஆகிய நான்கையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். கைபேசியில் இருக்கிறதே என்று நம்பவேண்டாம். வரவேற்பு மேசையில் முதலில் கைமாறுவது கைபேசிதான். வீட்டில் ஒரு தாளில் மையத்தின் அலுவலக எண்ணையும், உங்கள் விண்ணப்ப எண்ணையும், முகாம் முடியும் நாளையும் எழுதி, வீட்டார் கண்ணில்படும் இடத்தில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

துணிகள் தளர்வாகவும் உடலை மறைப்பனவாகவும் சத்தம் எழுப்பாதவையாகவும் இருக்கவேண்டும். சரசரக்கும் மழைக்காற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு நூறு பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் நீங்கள் காலை மாற்றி வைக்கும்போதுதான் மௌனம் என்றால் என்ன என்று புரியும். எளிதாகக் கழற்றி மாட்டும் செருப்பு, மெல்லிய போர்வை, படுக்கை விரிப்பு, மணமில்லாத சோப்பு, கைவிளக்கு, தண்ணீர்ப் புட்டி, பன்னிரண்டு நாளுக்கும் போதுமான மாத்திரைகள், துணி துவைக்கத் தேவையானவை ஆகியன போதும். எல்லோரும் மறப்பது அலாரக் கடிகாரம். கைபேசி இல்லாமல் மணி பார்க்கும் பழக்கமே நமக்குப் போய்விட்டது. பயிற்சிக்கான திண்டுகளை மையமே தரும்.

புத்தகம், நாட்குறிப்பு, பேனா, இசைக்கருவி, வாசனைத்திரவியம், வெளி உணவு, புகையிலை, சாமி படங்கள், ஜெபமாலை ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மந்திரம், பிரார்த்தனை, விரதம், வேறு தியானமுறை அனைத்தையும் பத்து நாளைக்கு நிறுத்திவைக்கும்படி கேட்பார்கள். அவற்றை இழிவாகக் கருதிக் கேட்பதில்லை. இரண்டு முறைகளைக் கலந்தால் எதனால் எது நிகழ்ந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும் என்பதுதான் காரணம்.

7. ஒரு மாதம் முன்பே உடலைப் பழக்குங்கள்

மனத்தைப் பழக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. அதை அங்கே சொல்லித்தருவார்கள். இடுப்பையும் முழங்காலையும் பழக்கிக்கொண்டுதான் போகவேண்டும். தினமும் காலையில் பதினைந்து நிமிடம் தரையில் திண்டு போட்டு அமர்ந்து, வாரத்துக்கு ஐந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போனால், நான்கு வாரத்தில் அரைமணி நேரம் அசையாமல் அமர முடியும். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி திண்டின் உயரத்தை வைத்துக்கொண்டால் முதுகு தானாக நிமிரும். பத்மாசனம் தேவையில்லை.

காப்பி, தேநீரைக் கிளம்பும் அன்று திடீரென நிறுத்தினால் ஓரிரு நாள் தலைவலி நிச்சயம். அந்தத் தலைவலியைத் தியானத்தின் விளைவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாரம் முன்பிருந்தே அளவைப் பாதியாக்குங்கள். புகைப்பவர்கள் இதைவிட முன்பே தொடங்கவேண்டும். கடைசி வாரம் இரவு பத்துக்குப் படுத்து, நாலரைக்கு எழப் பழகுங்கள்.

8. வெளியுலகை யாரிடமாவது ஒப்படையுங்கள்

இரண்டாம்முறை நான் திரும்பி வந்ததற்கு முதுகுவலி பாதிக் காரணம். மீதிக் காரணம் ஓர் அறிக்கை. எட்டாம் நாளில் அனுப்பவேண்டிய அந்த அறிக்கையை 'முன்கூட்டியே முடித்துவிடுவேன்' என்று சொல்லி, முடிக்காமல், யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தேன். நான்காம் நாளிலிருந்து மூச்சுக்குப் பதிலாக அதன் மூன்றாம் பத்திதான் மூக்கு நுனியில் நின்றது.

ஆகவே கிளம்பும் முன் மூன்று பட்டியல்கள் எழுதுங்கள். பன்னிரண்டு நாட்களில் கெடு முடியும் கட்டணங்களை முன்பே கட்டிவிடுங்கள். அலுவலக வேலைகளை, பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் எழுத்தில் ஒப்படையுங்கள். உங்களிடமிருந்து தினம் ஒரு குறுஞ்செய்தியாவது எதிர்பார்ப்பவர்களிடம், பன்னிரண்டு நாள் மௌனம் என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். எந்தச் செய்தி வந்தால் மையத்தைத் தொலைபேசியில் அழைக்கவேண்டும் என்பதை வீட்டாரோடு பேசி முடிவுசெய்யுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் என்று நானும் வீட்டாரும் வகுத்துக்கொண்டோம். அவ்வாறு அழைப்பு வந்தால் மையத்தினர் உங்களிடம் தெரிவிப்பார்கள் என்ற உறுதியே போதும்; அதன்பின் கைபேசியின் நினைப்பு பெருமளவு விலகிவிடும்.

9. சேரும் நாள்

அனுமதிக் கடிதத்தில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் பிற்பகலில், சென்றுவிடுங்கள். பதிவு, அறை ஒதுக்கீடு, பொருட்களை ஒப்படைத்தல், லேசான உணவு, விதிமுறை அறிவிப்பு ஆகியன முடிந்து, இரவு முதல் அமர்வோடு மௌனம் தொடங்கும். அதற்கு முன் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் அறைத்தோழரிடம் ஜன்னல், மின்விசிறி, குளிக்கும் முறை பற்றிப் பேசி முடித்துவிடுங்கள். மௌனம் தொடங்கியபின் ஒரு மின்விசிறிக்காகப் பத்து நாள் மனத்துக்குள் போர் நடத்தவேண்டி வரும். சைகையும் கண்ஜாடையும்கூட மௌனத்தை மீறுவதாகவே கருதப்படும்.

10. பத்து நாட்களும் எப்படிப் போகும்

நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாலரை முதல் இரவு ஒன்பது வரை, இடைவேளைகள் போக, பத்தே முக்கால் மணி நேரம் தியானத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. காலை எட்டு முதல் ஒன்பது, பிற்பகல் இரண்டரை முதல் மூன்றரை, மாலை ஆறு முதல் ஏழு ஆகிய மூன்றும் மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து அமரவேண்டிய நேரங்கள். மற்ற நேரங்களில் சொல்லப்படும் அறிவுரைக்கேற்ப மண்டபத்திலோ அறையிலோ அமரலாம். காலையுணவு ஆறரைக்கு, மதிய உணவு பதினொன்றுக்கு. ஐந்து மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும் கிடைக்கும். பழைய மாணவர்களுக்கு அதுவும் இல்லை. ஏழு மணிக்கு உரை. ஒன்பதரைக்கு விளக்கணைப்பு.

ஆசிரியர் ஆசனத்தில் ஒருவர் அமர்ந்திருப்பார். அறிவுரைகளோ ஒலிப்பதிவில் வரும் கோயங்காவின் குரலில் ஒலிக்கும். அவர் 2013-இல் மறைந்தார். இடையிடையே அதே குரலில், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ஓதுதலும் வரும். முன்பே தெரியாதவர்களுக்கு இது முதல் இரண்டு நாளும் உறுத்தலாக இருக்கும்.

முதல் மூன்று நாட்களும் ஆனாபானம். இயல்பாக வந்துபோகும் மூச்சை நாசித்துவாரத்தின் வாயிலில் கவனிப்பது மட்டுமே வேலை. மூச்சை எண்ணக்கூடாது, நீட்டக்கூடாது, சொல் சேர்க்கக்கூடாது, உருவம் கற்பிக்கக்கூடாது. நாளாக ஆக, கவனிக்கும் இடம் மேலுதட்டுக்கு மேலுள்ள சிறிய பரப்பாகச் சுருங்கும். இங்கே எல்லோரும் விழும் பள்ளம், மூச்சு தெரியவில்லை என்று அதை வலிந்து இழுப்பது. தெரியாவிட்டால் சில மூச்சுகளைச் சற்றே அழுத்தி விட்டு, தெரிந்ததும் இயல்புக்குத் திரும்புங்கள். எனக்கு முதல் நாள் முழுவதும் தொடர்ந்து ஐந்து மூச்சுகள்கூடப் பிடிபடவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல், இடது துவாரத்தில் காற்று உள்ளே போகும்போது குளிர்ச்சியாகவும் வெளியேறும்போது வெதுவெதுப்பாகவும் இருப்பதை ஏதோ புதுச்செய்தி போல அறிந்தேன். நாற்பது ஆண்டுகளாக அதே மூக்குதான்.

நான்காம் நாள் பிற்பகலில் விபஸ்ஸனா தொடங்கும். அந்த அமர்வு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீளும், நடுவில் வெளியேற இயலாது. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து அமருங்கள். தலையுச்சியிலிருந்து கால்விரல் நுனி வரை உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தி, அங்கே வெப்பமோ அரிப்போ துடிப்போ வலியோ எது தோன்றினாலும் அதை விரும்பாமலும் வெறுக்காமலும் பார்ப்பதுதான் முறை. தோன்றியது மறையும் என்ற நிலையாமையை, பாலியில் அநிச்சா என்பதை, உடலில் நேராகக் காண்பதே நோக்கம்.

இதையடுத்து அதிட்டானம் வரும். மூன்று கூட்டு அமர்வுகளிலும் ஒரு மணி நேரம் கை கால்களை அசைக்காமலும் கண்ணைத் திறக்காமலும் அமரும் உறுதி அது. உள்ளே போவதற்கு முன் அது ஒரு வீரவிளையாட்டு என்று நினைத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தை வென்றவன், வலியை வெறுத்துக்கொண்டே ஒரு மணி நேரம் கழித்திருக்கிறான், அவ்வளவுதான். அசைந்துவிட்டால் குற்றம் எதுவும் இல்லை, மறுபடி தொடங்குங்கள். ஆனால் வலியில் ஒரு பாகுபாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். எழுந்து இரண்டு நிமிடம் நடந்ததும் கரைந்துபோகும் வலி அமர்வதால் வந்தது. நடந்தபின்னும் நிற்கும் வலி, மூட்டில் குத்தும் வலி, மரத்துப்போன கால் நெடுநேரம் திரும்பாமல் இருப்பது ஆகியவற்றை மேலாளரிடம் உடனே சொல்லி, இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, சுகம். ஏழாம் எட்டாம் நாட்களில் சிலருக்கு உடல் முழுவதும் மெல்லிய அதிர்வு ஓடும். மறுநாள் அது வராதபோது, எதையோ இழந்துவிட்டதாக உள்ளம் நொந்துபோகும். அடுத்தவருக்கு என்ன நிகழ்கிறது என்று தெரியாதபடி மௌனம் வைத்திருப்பதன் அருமை அப்போதுதான் விளங்கியது. தெரிந்திருந்தால் ஒப்பிட்டே செத்திருப்பேன்.

மௌனம் சக மாணவர்களோடு மட்டும்தான். உணவு, உடல்நலம், அறை பற்றி மேலாளரிடமும், பயிற்சி பற்றி ஆசிரியரிடமும் தாராளமாகப் பேசலாம். நண்பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை தனிச் சந்திப்பு உண்டு. அதற்கு முன்பே பெயர் கொடுக்கவேண்டும். இரவு ஒன்பது முதல் ஒன்பதரை வரை மண்டபத்திலேயே கேட்கலாம். கூச்சப்பட்டு ஐந்து நாள் தவறான முறையில் செய்துகொண்டிருந்த ஒருவரைப் பத்தாம் நாள் சந்தித்தேன். கேள்வி சுருக்கமாகவும் உங்கள் பயிற்சியைப் பற்றியதாகவும் இருந்தால் பதிலும் பயன்படும்.

11. பாதியில் கிளம்பத் தோன்றினால்

தோன்றும். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பலருக்குக் கடினமானவை என்று முகாமிலேயே சொல்வார்கள். அப்படித் தோன்றியதும் பையைக் கட்டாமல், ஆசிரியரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். அன்று இரவு உறங்கி, மறுநாள் நண்பகல் உணவுக்குப் பிறகும் அதே எண்ணம் நின்றால் மீண்டும் பேசுங்கள். நான் இதைச் செய்யாமல் விடியற்காலையில் முடிவெடுத்தேன். வீட்டுக்குப் போகும் வண்டியிலேயே வருந்தினேன்.

ஆனால் எல்லாத் தவிப்பும் பொறுத்துக்கொள்ள வேண்டியதல்ல. இரண்டு இரவுகளுக்கு மேல் தூக்கமே இல்லாமை, விடாத பீதி, இல்லாத குரல் கேட்பது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும், அது எந்த நேரமானாலும் மேலாளரை எழுப்பிச் சொல்லுங்கள். பயிற்சியை நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள். முகாமை முடிப்பது இதைவிடப் பெரிதல்ல.

12. பத்தாம் நாளும் பதினோராம் நாளும்

பத்தாம் நாள் முற்பகலில், நல்லெண்ணத்தைப் பரப்பும் மைத்ரிப் பயிற்சிக்குப் பிறகு, பேச அனுமதி கிடைக்கும். ஒன்பது நாள் அடைத்துவைத்த பேச்செல்லாம் ஒரே மணி நேரத்தில் கொட்டி, மாலைக்குள் தலை கனத்துவிடும். கொஞ்சம் ஒதுங்கியிருங்கள், மாலை அமர்வுகள் இன்னும் பாக்கி. பதினோராம் நாள் அதிகாலை உரை, காலையுணவு, அறையைச் சுத்தம் செய்தல் ஆகியன முடிந்ததும் கிளம்பலாம்.

13. வீடு திரும்பியபின்

முன்பு சொன்ன கூடுதல் நாள் இதற்குத்தான். ஒலிகள் பெரிதாகக் கேட்கும், கூட்டம் திகைக்க வைக்கும், கைபேசியைத் திறந்ததும் நூற்றுக்கணக்கான செய்திகள் பாயும். அன்றே வேலைக்குப் போகாதீர்கள். முடிந்தால் நெடுந்தூரம் வண்டியோட்டவும் வேண்டாம். முதல் வாரத்தில் வேலையை விடுவது, உறவை முறிப்பது, இருபது ஆண்டுப் பழைய பகைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவது போன்ற பெரிய முடிவுகள் மிகத் தெளிவானவை போலத் தோன்றும். ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். வீட்டாரைத் தியானத்துக்கு இழுக்கும் வேலையையும் அதே ஒரு மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள்; பன்னிரண்டு நாள் வீட்டைச் சுமந்தவர்கள் அவர்கள்.

காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் அமரும்படி சொல்லி அனுப்புவார்கள். நான் அறிந்தவரை, முதல் மாதத்திலேயே இதில் சறுக்காதவர் அரிது. சறுக்கினால் முழுவதும் விட்டுவிடாமல், விழித்ததும் அரைமணி நேரத்தை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள். நேரத்தைவிட இடமும் மணியும் மாறாதிருப்பது எனக்கு உதவியது. பழைய மாணவர்களுக்கான வாராந்திரக் கூட்டு அமர்வும் ஒருநாள் முகாமும் அருகில் எங்கே நடக்கின்றன என்பதை மையத்தை விட்டு வருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியே முகாம் நடந்த இடம், தொடங்கிய நாள், முடிந்த நாள், ஆசிரியரின் பெயர் ஆகியவற்றையும் கைபேசி திரும்பக் கிடைத்தவுடன் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை பழைய மாணவராக விண்ணப்பிக்கும்போது படிவம் அவற்றைக் கேட்கும். நான் குறித்துவைக்காமல், பழைய மின்னஞ்சல்களில் ஒரு மாலை முழுவதும் தேடினேன்.